அகாய் எஸ்3000எக்ஸ்எல்: பழைய சிடி-ராம், ஃப்ளாப்பியில இருக்கிற சத்தத்த உள்ள ஏத்துறது எப்படி?

ஆயர்ஈத்தாம் உறுமி:

வணக்கம். பினாங்குல இருந்து எழுதுறேன். கையில இருக்கிறது அகாய் எஸ்3000எக்ஸ்எல் சாம்ப்ளர் (சத்தத்தப் பதிவு பண்ணி கீ அழுத்தி வாசிக்கிற மெஷின்), மெமரி 32 எம்பி முழுசா போட்டது. கூடவே வந்த பெட்டியில 11 சிடி-ராம், 3 ஆடியோ சிடி, 40 ஃப்ளாப்பி. மெஷின்ல கோளாறு இல்ல. ஆன் பண்ணதும் வர்ற டெஸ்ட் புரோகிராம் சுத்தமா கேக்குது.

தகராறு டிஸ்குலதான். சிடி-ராம கம்ப்யூட்டர்ல போட்டா விண்டோஸ் காலி டிஸ்க் மாதிரி காட்டுது, மேக் படிக்க முடியாதுன்னு வெளிய தள்ளுது. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ்ல 40ஐயும் போட்டுப் பார்த்தாச்சு, எல்லாத்துக்கும் ‘ஃபார்மட் பண்ணவா’ன்னுதான் கேக்குது. சாம்ப்ளரோட சொந்த டிரைவ்ல பாதிக்கு மேல ஓடுது, மிச்சம் டிஸ்க் எர்ரர்.

எனக்கு வேண்டியது இதான்: சிடியில இருக்கிற பியானோ, ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் புரோகிராமோட (எந்தக் கீக்கு எந்த சத்தம்ங்கிற அமைப்பு) அப்படியே வரணும். ஃப்ளாப்பி அழியறதுக்குள்ள காப்பி எடுக்கணும். நாங்களே பதிவு பண்ண உறுமி மேளம், தப்பு மேளம் ரெண்டோட சத்தமும் லேப்டாப்ல வேவ் கோப்பா இருக்கு, அதையும் உள்ள கொண்டு போகணும். பழைய ஸ்கஸி (சாம்ப்ளரோட டிஸ்க் டிரைவ இணைக்கிற பழைய கேபிள் முறை) சிடி டிரைவ் தேடி வாங்குறதா, எஸ்டி கார்டு போடுற போர்டு வாங்குறதா? எதுல எங்க மாட்டிக்குவோம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செந்தூல் ஸ்கஸி:

முதல் வேலை, அந்த 40 ஃப்ளாப்பியோட மூலையில இருக்கிற சின்னக் கதவ நகர்த்தி ஓட்டை தெரியிற மாதிரி வெச்சிடுங்க. ஓட்டை திறந்திருந்தா எந்த டிரைவும் எழுதாது. ‘ஃபார்மட் பண்ணவா’ன்னு கேக்குற பெட்டியில கை தவறினா போச்சு.

உங்க சிடி கெட்டுப்போகல. அகாய் சிடி-ராம்ல கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்ச கோப்பு முறையே கிடையாது. 1988ல வந்த எஸ்1000 குடும்பத்தோட ஹார்ட் டிஸ்க் அமைப்பத் தூக்கி அப்படியே சிடியில அச்சடிச்சிருக்காங்க. ஏ, பி, சின்னு பார்ட்டிஷன், ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 60 எம்பி, அதுக்குள்ள வால்யூம், வால்யூமுக்குள்ள புரோகிராமும் சாம்பிளும் (பதிவான சத்தம்). இத கம்ப்யூட்டர் புரிஞ்சிக்கணும்னு அவசியமே இல்ல. செக்டர் செக்டரா அப்படியே உருவி இமேஜ் கோப்பா வெச்சிட்டு, அந்தக் கோப்ப ‘இதான் சிடி டிரைவ்’னு சாம்ப்ளர்கிட்ட காட்டினா வேலை முடிஞ்சது.

அதனால போர்டுதான் வாங்குங்க. ஸ்கஸி சிடி டிரைவ் எல்லாம் இப்ப 20 வருஷத்துக்கு மேலான கிழடு. லேசர் மங்கியிருக்கும், தட்டு உள்ள போய் வர்ற பட்டை இளகியிருக்கும். 1997க்கு முந்தின டிரைவ் சிடி-ஆர்டபிள்யூவ (அழிச்சி எழுதுற சிடி) படிக்காது, ஏன்னா அந்த டிஸ்க்ல இருந்து திரும்பி வர்ற வெளிச்சம் சாதா சிடியில பாதிகூட இல்ல. காசு கொடுத்து தலைவலி வாங்காதீங்க. ப்ளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி ரெண்டுல எது கிடைச்சாலும் சரி. ஸ்கஸி2எஸ்டி இதுக்கெல்லாம் மூத்தது, அதுவும் ஓடும். ஆனா கார்ட துண்டு போட்டு செக்டர் எண் கணக்கு வெச்சி அமைக்கணும். மத்த ரெண்டுலயும் கோப்ப கார்டுல போட்டு பேர் வெச்சா போதும்.

வாங்குறதுக்கு முன்னால சாம்ப்ளரத் திருப்பி பின்பக்க சாக்கெட்டப் பாருங்க. ஸ்கஸி 50 ஊசியிலயும் வரும், 25 ஊசியிலயும் வரும். 25 ஊசி சாக்கெட் அச்சு அசலா பழைய பிரிண்டர் சாக்கெட் மாதிரியே இருக்கும். பிரிண்டர் கேபிளையோ பேரலல் போர்ட் ஜிப் டிரைவையோ அதுல சொருகாதீங்க. ஊசி பொருந்தும், உள்ள இருக்கிற மின் இணைப்பு வேற, ஸ்கஸி சிப்பு போயிடலாம். ஜிப் டிரைவ் பேரலல், ஸ்கஸின்னு ரெண்டு வகையாவும் வந்துச்சு, ரெண்டும் வெளியில ஒரே மாதிரிதான் தெரியும். யாராவது ‘ஜிப் இருக்கு, வேணுமா’ன்னு கேட்டா பின்னால ஐடி எண் மாத்துற சுவிட்ச் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

சிடிய உருவுறது: மேக், லினக்ஸ்ல டிடி கட்டளை, பிளாக் அளவு 2048. மேக்ல டிஸ்க்க அன்மவுண்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க, வெளிய தள்ளிடாதீங்க. விண்டோஸ்ல இம்க்பர்ன் எடுத்து ‘டிஸ்க்ல இருந்து இமேஜ்’. முடிஞ்சதும் கோப்போட பைட் எண்ணிக்கைய 2048ஆல வகுத்துப் பாருங்க, மீதி வரக்கூடாது. கடைசி 2 செக்டர்ல மட்டும் எர்ரர் வந்தா பயப்படாதீங்க. அது கடையில அச்சடிச்ச சிடி இல்ல, யாரோ வீட்ல எரிச்ச காப்பி. ட்ராக் ட்ராக்கா எரிச்ச டிஸ்க்ல அந்த ரெண்டு செக்டர் வெறும் வால்தான், அதுல சத்தம் இருக்காது. நடுவுல எர்ரர் வந்தாதான் விஷயம். அதுக்கு டிடிரெஸ்க்யூன்னு ஒரு மென்பொருள்: முதல் சுத்துல நல்ல இடத்தையெல்லாம் எடுத்துட்டு, கீறல் இருக்கிற இடத்துக்கு அப்புறம் திரும்பி வரும். எது படிச்சது, எது விட்டதுன்னு அது குறிச்சி வைக்கிற மேப் கோப்ப வெச்சிக்கிட்டு வேற ஒரு டிவிடி டிரைவ்ல அதே டிஸ்க்கத் தொடருங்க. ஒரு டிரைவ் விட்டத இன்னொண்ணு பிடிக்கிறது ரொம்ப சகஜம்.

சில சாம்பிள் சிடியில முதல் ட்ராக் டேட்டா, ரெண்டாவதுல இருந்து மாதிரிக்குக் கேக்குற ஆடியோ. அதுல முதல் ட்ராக் மட்டும் எடுத்தா போதும்.

எஸ்டி கார்ட எஃப்ஏடி32 இல்லன்னா எக்ஸ்ஃபேட்டா புதுசா ஃபார்மட் பண்ணிட்டு அப்புறம் இமேஜ ஏத்துங்க. பழைய படம் கிடந்த கார்டுல போட்டா கோப்பு துண்டு துண்டா விழுந்து வேகம் குறையும். பேர்தான் முக்கியம்: சி, டி, அடுத்தது ஸ்கஸி எண். அதாவது ‘சிடி3’ன்னு ஆரம்பிச்சா அது 3ஆம் எண் சிடி டிரைவ். ‘எச்டி’ன்னு ஆரம்பிச்சா ஹார்ட் டிஸ்க். சாம்ப்ளரோட சொந்த எண்ணுக்கு இன்னொண்ண வைக்காதீங்க. அகாய்ல அது பெரும்பாலும் 6, குளோபல் பக்கத்துல போய் உறுதி பண்ணிக்குங்க. ரெண்டுக்கும் ஒரே எண்ணுன்னா எதுவுமே தெரியாது.

இமேஜ் ஏத்துறப்பவே 512 எம்பிக்கு வெறும் சைபரா நிரப்பின ஒரு காலிக் கோப்பையும் ‘எச்டி’ பேர்ல போட்டு வைங்க. சாம்ப்ளர்ல இருந்து அத ஃபார்மட் பண்ணா உங்க சொந்த ஹார்ட் டிஸ்க் ரெடி. சிடியில எழுத முடியாது, சேமிக்க எங்கயாவது இடம் வேணுமில்ல.

மாட்டுறப்ப ரெண்டு பக்கமும் பவர் ஆஃப். ஸ்கஸி கேபிள உயிரோட இருக்கிறப்ப பிடுங்குனா டெர்மினேட்டருக்கு (கேபிள் முனையில சிக்னல் திரும்பி வராம தடுக்கிறது) கரண்ட் கொடுக்கிற ஃபியூஸ் போறதுதான் வழக்கம், அது போர்டுல ஒட்டியிருக்கிற கடுகளவு ஃபியூஸ். ஸ்கஸி கேபிள்ல கோர்த்த சங்கிலியோட ரெண்டு முனையிலயும் டெர்மினேட்டர், நடுவுல கூடாது. உங்க விஷயத்துல சாம்ப்ளர் ஒரு முனை, போர்டு மறுமுனை, போர்டுல டெர்மினேஷன் ஆன்ல இருக்கணும். போர்டுல விளக்கே எரியலன்னா சாம்ப்ளர் அந்தக் கேபிள் வழியா 5 வோல்ட் கொடுக்கலன்னு அர்த்தம். போன் சார்ஜர யூஎஸ்பியில சொருகுங்க, சாம்ப்ளருக்கு முன்னால போர்டு ஆன் ஆகணும்.

அப்புறம் லோட் பக்கம்: ஃப்ளாப்பியில இருந்து ஹார்ட் டிஸ்குக்கு மாத்தி, ஸ்கஸி எண் 3, பார்ட்டிஷன் ஏ. வால்யூம் பட்டியல் வந்தா ஜெயம். வரலன்னா கார்ட எடுத்து லேப்டாப்ல போடுங்க. போர்டு அதுலயே ஒரு லாக் கோப்பு எழுதி வெச்சிருக்கும். எந்த இமேஜ எந்த எண்ணுல பிடிச்சது, எத விட்டுடுச்சுன்னு வரி வரியா இருக்கும். பத்துல எட்டு தடவை பேர்ல இருக்கிற எழுத்துப் பிழைதான்.

பாகான் பேஸ்:

இவ்வளவு சுத்தணுமா? இமேஜ லேப்டாப்லயே பிரிச்சி வேவ் ஆக்கிடலாம், வேண்டியத மட்டும் லைன் இன் வழியா சாம்ப்ளர்ல பதிவு பண்ணிக்கலாம். 20, 30 சத்தத்துக்கு ஒரு சாயந்திரம் போதும். 32 எம்பியில எவ்வளவுதான் வைக்கப் போறீங்க? 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஒரு நிமிஷத்துக்கு 5.3 எம்பி. மொத்தமே மோனோன்னா 6 நிமிஷம், ஸ்டீரியோன்னா 3. லெவல் உச்சத்துல 3 டெசிபெல் இடம் விட்டு, சத்தம் வந்ததும் தானா ஆரம்பிக்கிற திரெஷோல்ட் ரெக்கார்டிங் வெச்சா முன்னால வெட்டுற வேலையும் மிச்சம். கேபிள் பிரச்சனைன்னா மிடியிலயே (கீபோர்டையும் சாம்ப்ளரையும் இணைக்கிற கேபிள்) சாம்பிள் டம்ப், அதாவது சத்தத்தையே டேட்டாவா அனுப்பலாம், எதுவும் வாங்கத் தேவையில்ல.

செந்தூல் ஸ்கஸி:

டிரம் அடிக்கு நீங்க சொல்றது சரி அண்ணே. 3 ஆடியோ சிடிக்கும் அதேதான், அதுல புரோகிராமே கிடையாது. ஆனா அதக்கூட லைன் இன்ல பதிவு பண்ண வேணாம், கம்ப்யூட்டர்ல நேரா உருவுனா 44.1, 16 பிட் ஒரு பிட்கூட மாறாம வரும். அனலாக் வழியா போனா வர்ற அந்தக் கொஞ்சம் தடிப்பு பிடிக்கும்னா அது வேற கதை, அது ருசி.

பியானோவுக்கு ஒத்துக்க மாட்டேன். அகாய் புரோகிராம்ல 99 கீகுரூப் (சேர்த்து வெச்ச கீகள்) வரைக்கும் போகும், ஒவ்வொண்ணுலயும் 4 வெலாசிட்டி ஸோன் (அழுத்துற வேகத்துக்கு ஏத்த சத்தம்). எந்தக் கீக்கு எந்த சாம்பிள், எவ்வளவு அழுத்துனா எது, ஃபில்டர் எங்க திறக்குது, கை எடுத்ததும் எவ்வளவு நேரம் அடங்குது எல்லாம் புரோகிராமுக்குள்ள. வேவ் ஆக்குனா அது மொத்தமும் போயிடும், கையில 60 துண்டு கோப்புதான் மிஞ்சும். லூப் புள்ளி (சத்தம் திரும்பத் திரும்ப ஓடுற இடம்) வேவ் கோப்போட ஒரு தனிப் பகுதியில வரும். ஆனா பல எடிட்டர் அத திறந்து சேவ் பண்ற நிமிஷமே தூக்கிப் போட்டுடும். ஸ்ட்ரிங்ஸ்ல லூப் போனா 3 செகண்ட்ல சத்தம் நின்னுடும். திரும்ப லூப் தேடி உக்காந்தா சாயந்திரம் இல்ல, தீபாவளி வந்துடும்.

மிடி டம்ப் கணக்கு: மிடி ஒரு செகண்டுக்கு 3,125 பைட். டம்ப்ல ஒரு பாக்கெட் 127 பைட், அதுல 16 பிட் சாம்பிள் 40தான் அடங்கும், ஏன்னா ஒவ்வொண்ணையும் 7 பிட் துண்டா மூணாப் பிரிச்சி அனுப்பணும். ஒரு செகண்டுக்கு 984 சாம்பிள். 44,100க்கு 45 செகண்ட். அதாவது ஒரு செகண்ட் மோனோ சத்தத்துக்கு முக்கால் நிமிஷம், நடுவுல பதில் சிக்னல் எடுக்கிற நேரம் போக. ஒரு தப்பு அடிய அனுப்பலாம். ஸ்ட்ரிங்ஸ் அனுப்புனா சாப்பிட்டு வந்தாலும் ஓடிக்கிட்டிருக்கும்.

கம்பிமுனை:

ஃப்ளாப்பிய யாரும் தொடல, அதுதான் இங்க அவசரம். சிடி இன்னும் பத்து வருஷம் தாங்கும்; பினாங்கு ஈரத்துல ஃப்ளாப்பி தாங்காது.

யூஎஸ்பி டிரைவ் ஏன் ஒண்ணையும் திறக்கலன்னா, அதோட உள்ள இருக்கிற சிப்புக்கு கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியோட நிலையான சில அமைப்பு மட்டும்தான் தெரியும். அகாய் 1,024 பைட் செக்டர் வைக்குது: ஒரு ட்ராக்குக்கு ஹை டென்சிட்டியில 10, டபுள் டென்சிட்டியில 5. அதான் மத்தவங்க 1.44 எம்பி வைக்கிற அதே தட்டுல அகாய் 1,600 கேபி வைக்குது. மென்பொருள மாத்தி இத சரி பண்ண முடியாது, டிரைவையே மாத்தணும்.

வேண்டியது கிரீஸ்வீசல்னு ஒரு சின்ன போர்டு, பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டுன 3.5 இஞ்ச் டிரைவ், 34 ஊசி ரிப்பன் கேபிள், டிரைவுக்கு 5 வோல்ட். அதோட மென்பொருள்ல ‘அகாய் 1600’, ‘அகாய் 800’னு ரெண்டு ஃபார்மட் ஏற்கனவே இருக்கு. ஹை டென்சிட்டி டிஸ்க் சரியா வந்தா இமேஜ் கோப்பு 1,638,400 பைட், டபுள் டென்சிட்டின்னா 819,200. இந்த எண் வரலன்னா எடுத்தது தப்பு. ரிப்பன், இணைப்பு முனையெல்லாம் கோலாலம்பூர்னா ஜாலான் பாசார் கடைகள்ல தேடலாம்; உங்களுக்கு அங்கேயே ஆன்லைன்ல வரவழைக்கிறது சுலபம்.

டிரைவ்ல போடுறதுக்கு முன்னால ஒவ்வொரு டிஸ்க்கோட இரும்புக் கதவையும் விரலால தள்ளிப் பிடிச்சி, பின்னால இருக்கிற வட்டத் தகட்டத் திருப்பிக்கிட்டே, விளக்கு வெளிச்சத்துக்குச் சாய்ச்சிப் பாருங்க. நல்ல தட்டு ஈரக் கறுப்பு மாதிரி ஒரே பளபளப்பா இருக்கும். பூஞ்சை பிடிச்சதுன்னா சாம்பல் நிறத்துல மங்கலா புள்ளியோ, சிலந்தி வலை மாதிரி இழையோ தெரியும். அப்படித் தெரிஞ்சா அத டிரைவ்ல போடாதீங்க. பூஞ்சை ஹெட்ல (டிரைவுக்குள்ள தட்டப் படிக்கிற முனை) ஒட்டும், ஒட்டுனது அடுத்த டிஸ்க்கச் சுரண்டும், சுரண்டுன இடத்துல ஒளி தெரியிற மாதிரி வளையம் விழும், அது திரும்பாது. உங்க சாம்ப்ளர்ல எர்ரர் வந்த டிஸ்க்ல சிலது இப்படி முந்தின டிஸ்க் செஞ்ச வேலையா இருக்கலாம். இனி சாம்ப்ளர் டிரைவ்ல ஒண்ணையும் போட்டுப் பார்க்காதீங்க, ஹெட்ட முதல்ல கழுவுங்க.

கழுவ ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல. பார்மசியில காயத்துக்கு விக்கிற 70 சதவீதத்துல தண்ணி அதிகம், வேணாம். இழை விடாத பஞ்சுக் குச்சிய நனைச்சி, கதவு திறந்த இடத்துல தட்டு மேல லேசா வெச்சி, தட்டத்தான் திருப்பணும், குச்சிய தேய்க்கக் கூடாது. ரெண்டு பக்கமும். முழுசா காயட்டும். ரொம்ப மோசம்னா உறைய ஓரத்துல பிரிச்சி தட்ட மட்டும் வெளிய எடுத்து, கழுவி, நல்ல உறையில மாத்திப் போடலாம். படிச்சி முடிச்சதும் அந்த உறைய தூக்கிப் போட்டுடுங்க. ஒவ்வொரு சந்தேக டிஸ்க்குக்கு அப்புறமும் ஹெட்ட ஒரு தடவை துடைங்க. அலுப்பாதான் இருக்கும். நல்ல டிஸ்க்க முதல்ல முடிச்சிட்டு கெட்டத கடைசிக்கு வைங்க.

இன்னொரு வகை எர்ரர் இருக்கு. ஹை டென்சிட்டி டிஸ்க்குன்னு டிரைவுக்குக் காட்டுற ரெண்டாவது ஓட்டைய டேப்பு ஒட்டி மறைச்சி டபுள் டென்சிட்டியா ஃபார்மட் பண்ணியிருப்பாங்க. ரெண்டுக்கும் காந்தப் பூச்சு வேற. எழுதுன அன்னைக்கு ஓடும், வருஷக்கணக்கா நிக்காது. டேப்பு ஒட்டுன டிஸ்க் பெட்டியில இருந்தா அதுக்கு முதல் இடம் கொடுங்க. டேப்ப எடுக்காமலே ‘அகாய் 800’ல படிங்க.

40 டிஸ்க்கும் சேர்த்து 64 எம்பிதான். ஸ்கஸி போர்டுல ரெண்டு பார்ட்டிஷன்ல மொத்தமும் அடங்கிடும்.

ஆயர்ஈத்தாம் உறுமி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. காப்பாத்துன ஃப்ளாப்பி இமேஜ சாம்ப்ளருக்குள்ள திரும்பக் கொண்டு போறதுக்கு கோடெக் (ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலா மாட்டி யூஎஸ்பி குச்சியில இருந்து இமேஜ் காட்டுற பெட்டி) வாங்கணுமா? 11 சிடிக்கு ஸ்கஸி எண் பத்தாதே? அப்புறம் உறுமி வேவ் எப்படி ஏத்துறது, அதையும் சொல்லிடுங்க.

கம்பிமுனை:

கோடெக் கட்டாயமில்ல தம்பி. கிரீஸ்வீசல் எழுதவும் செய்யும். நல்ல ஃப்ளாப்பி நாலஞ்சு வெச்சிக்கிட்டு, இமேஜ எழுது, சாம்ப்ளர்ல லோட் பண்ணு, எச்டியில ஒரு வால்யூமா சேவ் பண்ணு, அதே ஃப்ளாப்பியில அடுத்தது. சாம்ப்ளர் டிரைவே படுத்துடுச்சுன்னா அப்ப கோடெக் போடுங்க. அதுக்கு ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேர் ஏத்தி, அமைப்புக் கோப்புல ‘ஹோஸ்ட்’ங்கிற இடத்துல அகாய்னு கொடுக்கணும். கொடுக்கலன்னா 1,638,400 பைட் கோப்ப என்னன்னு தெரியாம முழிக்கும். டிஸ்க்கே இல்லன்னு சாம்ப்ளர் சொன்னா ‘இன்டர்ஃபேஸ்’ அமைப்ப மாத்திப் பாருங்க. எஸ்950க்குன்னே தனியா ஒண்ணு இருக்கு, மத்த அகாய்க்கு சாதாரணத்துல இருந்து ஆரம்பிங்க.

செந்தூல் ஸ்கஸி:

எண் 0ல இருந்து 7 வரை எட்டு. சாம்ப்ளருக்கு ஒண்ணு, சொந்த எச்டிக்கு ஒண்ணு போனா மிச்சம் ஆறு. 11 சிடி அடங்காதுதான். ஒரே எண்ணுல பல இமேஜ வெச்சி மாத்தி மாத்திக் காட்டவும் இந்த போர்டுகளுக்குத் தெரியும், ஆனா அதுக்கு ‘டிஸ்க்க வெளிய தள்ளு’ன்னு ஒரு சிக்னல் வரணும், இல்லன்னா போர்டுல பட்டன் இருக்கணும். பட்டன் இருந்தா அழுத்திட்டு, சாம்ப்ளர்ல ஸ்கஸி எண்ண ஒரு தடவை வேற எண்ணுக்கு மாத்தித் திரும்ப வாங்க. அப்பதான் புது வால்யூம் பட்டியலப் படிக்கும். இல்லன்னா திரையில பழைய சிடியோட பேர் நிக்கும், லோட் பண்ணா குப்பை வரும்.

எனக்குப் பிடிச்சது இதவிட எளிமையானது. சிடி ஒவ்வொண்ணுலயும் நீங்க நிஜமா பயன்படுத்தப் போறது நாலஞ்சு வால்யூம்தான். ஆறு ஆறா போட்டுக் கேட்டு, பிடிச்சத எச்டிக்கு சேவ் பண்ணிட்டு, இமேஜ லேப்டாப்ல பத்திரமா வெச்சிடுங்க. மேடைக்கு எடுத்துட்டுப் போறது எச்டி ஒண்ணு மட்டும்.

லோட் பண்றப்ப ‘முழு வால்யூம்’ எடுக்காதீங்க, ‘கர்சர் புரோகிராமும் சாம்பிளும்’ எடுங்க. புரோகிராம் மேல கர்சர வெச்சா அதுக்கு வேண்டிய சாம்பிள மட்டும் அதுவே தேடி எடுக்கும். மெமரி நிறைஞ்சுதுன்னு பாதியில நின்னா புரோகிராம் வந்திருக்கும், சில சாம்பிள் வந்திருக்காது. கீபோர்டுல நடுவுல சில கீ மட்டும் ஊமையா இருக்கும். அது கோளாறு இல்ல.

பேர் மோதல் ஒண்ணு இருக்கு, எல்லாரும் ஒரு தடவை விழுற குழி. அகாய்ல பேர் 12 எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து. புரோகிராம் சாம்பிளத் தேடுறது பேர வெச்சித்தான். ஒரு சிடியில ‘ஸ்னேர் 1’, இன்னொரு சிடியில வேற ஒரு ‘ஸ்னேர் 1’ இருந்தா, ரெண்டாவது லோட் ஆகுறப்ப முதல்ல இருந்தது மேல எழுதிடும். முதல் கிட்ல ஸ்னேர் மட்டும் திடீர்னு வேற சத்தம் கேட்டா இதுதான் காரணம். லோட் பண்ணதும் பேர மாத்தி, முன்னால சிடிக்கு ஒரு எழுத்து சேத்து, எச்டியில சேவ் பண்ணிட்டு, அப்புறம் அடுத்த சிடிக்குப் போங்க. ஸ்டீரியோ சாம்பிள் இடது, வலதுன்னு ரெண்டு மோனோ கோப்பா இருக்கும், பேரோட கடைசி ரெண்டு எழுத்துதான் அதச் சொல்லும். அத மட்டும் தொடாதீங்க, ஜோடி பிரிஞ்சிடும்.

உறுமிக்கு வருவோம். அகாய்யூடில்னு ஒரு இலவச மென்பொருள், கட்டளை வரியில ஓடும். இமேஜ் கோப்பத் திறந்து பார்ட்டிஷன், வால்யூம் எல்லாம் காட்டும், சாம்பிள வேவ் ஆக்கும், வேவ சாம்பிள் ஆக்கி உள்ள எழுதவும் செய்யும். ஹெல்ப்னு அடிச்சா மொத்தப் பட்டியலும் வரும். சிடி இமேஜ எப்பவும் படிக்க மட்டும் திறங்க. எச்டி இமேஜுக்கு எழுதுறதுக்கு முன்னால கோப்ப ஒரு காப்பி எடுத்து வைங்க. வேவ் கோப்பு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கணும். போன்லயும் கேமராவிலயும் பதிவானது பெரும்பாலும் 48, அத எடிட்டர்ல முறையா மாத்துங்க. மாத்தாம போட்டு ரேட்டத் தப்பா எடுத்துக்குச்சுன்னா சத்தம் ஏறக்குறைய ஒண்ணரை கீ அளவுக்கு இறங்கி மெதுவா கேக்கும். தப்புக்கும் உறுமிக்கும் மோனோ போதும், பாதி மெமரி மிச்சம்.

பாகான் பேஸ்:

உறுமின்னதும் ஒண்ணு சேத்துக்குறேன். தப்பு மாதிரி ஒரு அடி, ஒரு கீன்னு வைக்க முடியாது. வளைஞ்ச குச்சியால இடது தோல உரசுறப்ப வர்ற அந்த இழுவைதான் உறுமி. சத்தம் மேல ஏறி இறங்குறது பதிவுக்குள்ளயே இருக்கு. சாம்ப்ளர் கீ மாறுறதுக்கு சத்தத்த வேகமாவோ மெதுவாவோ ஓட்டுது, அவ்வளவுதான். 12 கீ மேல போனா ரெண்டு மடங்கு வேகம், ஒரு செகண்ட் இழுவை அரை செகண்ட் ஆகிடும், கேக்க நாய்க்குட்டி மாதிரி இருக்கும். மூணு கீக்கு மேல நீட்டாதீங்க. நீளமானது, குட்டையானது, அழுத்தமானதுன்னு ஆறேழு இழுவைய தனித்தனியா பதிவு பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கீகுரூப். வலது பக்கத்து அடிக்கும் தப்புக்கும் ஸோன்ல பிட்ச்ச ‘கான்ஸ்ட்’ல வெச்சிடுங்க, எந்தக் கீ அடிச்சாலும் ஒரே சுருதி. வெலாசிட்டி ஸோன் நாலையும் தப்புக்கு செலவு பண்ணுங்க: மெல்ல, நடுத்தரம், பலமா, விளிம்புல அடிக்கிறது. ஒரே அடிய சத்தம் கூட்டிக் குறைச்சி வெச்சா உறுமி மேளம் மாதிரி இருக்காது, மெஷின் மாதிரிதான் இருக்கும்.

முன்னால வெட்டுறப்ப தாராளமா வெட்டாதீங்க. தப்போட குச்சி தோல்ல படுற அந்த முதல் சில மில்லிசெகண்ட் ‘டக்’ போச்சுன்னா மொத்த அடியும் பஞ்சுல விழுந்த மாதிரி ஆகிடும். ஒலி அலை சைபர் கோட்டத் தொடுற இடத்துல வெட்டணும். இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் ஒரு க்ளிக் கேக்கும்.

ஆயர்ஈத்தாம் உறுமி:

அருமை அண்ணே. போர்டு, கிரீஸ்வீசல் ரெண்டும் ஆர்டர் போட்டாச்சு. கடைசியா ஒண்ணு: மெஷின் ஜப்பான்ல இருந்து வந்தது, பிளக் ரெண்டு பட்டைக் கம்பி. அடாப்டர் போட்டு நேரா சொருகலாமா? இப்ப டிரான்ஸ்பார்மர்லதான் ஓடுது.

கம்பிமுனை:

கூடாது! பின்பக்கத் தகட்டுல 100 வோல்ட்னு இருந்தா பினாங்கு 230க்கு அது தாங்காது, அடாப்டர் கம்பி வடிவத்த மட்டும்தான் மாத்தும். இப்ப இருக்கிற டிரான்ஸ்பார்மரையே வெச்சிக்குங்க, 100 வோல்ட் இறக்கம்தானான்னு மட்டும் ஒரு மீட்டர்ல பாத்துக்குங்க. 110னு விக்கிறதும் நிறைய இருக்கு. சாம்ப்ளரும் ஸ்கஸி போர்டு சார்ஜரும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல இருந்து எடுங்க.

சேவ் விஷயத்துல ஒண்ணு. இந்த மெஷின்ல மெமரி ஆஃப் பண்ணா காலி. தைப்பூச நேரம் பத்துமலையிலயோ தண்ணீர்மலையிலயோ ஜெனரேட்டர் ஒரு தடவை இருமினா 32 எம்பியும் போச்சு, திரும்ப லோட் பண்ணணும். எச்டியில முதல் பார்ட்டிஷன்ல முதல் வால்யூமா அன்னைக்கு வேண்டிய செட்ட மட்டும் வெச்சிடுங்க, இருட்டுல தேடாம கை போகும். சேவ் பண்றப்ப போர்டு விளக்கு மினுங்குறது நின்னு ஒரு மூச்சு விட்டதுக்கப்புறம்தான் ஆஃப் பண்ணணும், கார்ட எடுக்கணும்.